ராக்கெட் விழவிருந்த சனிக்கிழமை

இப்போதெல்லாம் ராக்கெட் விடுவது ஈப்போவுக்குப் பஸ் விடுவதுபோல ஆகிவிட்டது. தனியார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு அனுப்புகின்றன. மேலே அனுப்ப ஒரு லைசென்ஸ், திரும்பக் கீழே இறக்க இன்னொரு லைசென்ஸ். இந்தச் செய்திகளை நான் ஒன்று விடாமல் படிப்பதைப் பார்த்து என் சிநேகிதிகள் கேலி செய்கிறார்கள். ராக்கெட்டுக்குப் பயந்து நான் செய்த காரியத்தால் ஒரு சனிக்கிழமை என் அப்பாவின் உயிரே போயிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயில், சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தபடி வரிசை வீடுகள் இருந்த ஒரு தாமானில். சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தை அழித்து எண்ணெய்ப்பனை நட்டபோது வேலை போய் வெளியே வந்த அப்பாவுக்கு இங்கே கல் குவாரியில் வேலை கிடைத்திருந்தது. பாறைக்கு வெடி வைக்கும் நேரத்தில் சாலையின் ஒரு முனையில் சிவப்புக் கொடியோடு நின்று வண்டிகளை மறிப்பது அவர் வேலை. வெள்ளிக்கிழமை மாலை கொடியைக் கம்பிலிருந்து அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா சுண்ணாம்புத் தூசு போகத் துவைத்து, மறுநாள் காலை மடித்து அவர் பைக்குள் வைப்பார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, எங்களோடு தங்கியிருந்த மாமா கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தார். எந்த நாட்டுக் கம்பெனியோ அனுப்பிய ராக்கெட்டின் ஒரு பாகம், வேலை முடிந்து மேலே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, கீழே வரப்போகிறதாம். சனிக்கிழமை பிற்பகல் நம் நாட்டுக்கு மேலாக வரலாமாம்.

"நம்ம வீட்டு மேல விழுமா மாமா?"

"விழாதுலா. அவன் கவர்மெண்டுகிட்ட லைசென்ஸ் எடுத்துருக்கான். ஆளுங்க மேல விழறதுக்கு ரொம்ப ரொம்பக் கொஞ்சமாத்தான் வாய்ப்பு இருக்குன்னு காட்டினாத்தான் லைசென்ஸே கொடுப்பான்."

சொல்லிவிட்டு நேராக லாட்டரிச் சீட்டு விற்கும் நம்பர் கடைக்குப் போய், அந்த ராக்கெட்டின் எண்ணில் கடைசி நாலு இலக்கத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டு வந்தார். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். நொறுங்கிய காரின் நம்பரையே விடாதவர்கள் விழுகிற ராக்கெட்டை விடுவார்களா? எனக்குத்தான் அந்த 'ரொம்பக் கொஞ்சம்' உறுத்தியது. நாலு நம்பர் அடிப்பதற்கும் ரொம்பக் கொஞ்சம்தான் வாய்ப்பு என்று அம்மா மாமாவைத் திட்டாத வாரமில்லை. ஆனால் பின்வரிசை வீட்டு அக்காவுக்கு அடித்திருந்தது. புது வாஷிங் மெஷின்கூட வந்து இறங்கியிருந்தது. கொஞ்சமான வாய்ப்பு என்றால் யாருக்கோ ஒருவருக்கு நிச்சயம் வந்துவிடும் என்பதுதான் எங்கள் வீட்டில் நான் கற்றிருந்த பாடம்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பள்ளியில் சபைகூடலுக்கு நிற்கும்போதுகூட வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாலை அப்பாவிடம் கேட்டேன். அவர் மட்டும்தான் சிரிக்கவில்லை.

"நாங்க வெடி வைக்கிறதுக்கும் பெர்மிட் இருக்கும்மா. சங்கு ஊதுவோம், ரோட்ட மறிப்போம், அப்புறந்தான் வெடி. நான் கொடி புடிச்ச இத்தன வருஷத்துல ஒருத்தன் மேல கல்லு பட்டிருக்கா?"

"அந்த ராக்கெட்டுக்கு யாருப்பா கொடி புடிப்பாங்க?"

"கப்பலுக்கு, பிளேனுக்கெல்லாம் முன்னாடியே சொல்லிருவாங்க, இந்தப் பக்கம் வராதீங்கன்னு."

"நமக்கு?"

அப்பா பையிலிருந்து கொடியை எடுத்துத் துவைக்கிற வாளியில் போட்டார். "கொடி ஏம்பா செவப்பு?" என்று கேட்டேன். "செவப்பப் பாத்தா எவனும் நிப்பான்," என்றார் அப்பா, பேச்சு மாறிய நிம்மதியில்.

அப்படியானால் விஷயம் எளிது. எங்கள் தாமானுக்குக் கொடி பிடிக்க ஆளில்லை, நான்தான் பிடிக்க வேண்டும். என்னிடம் சிவப்பாக இன்னொன்றும் இருந்தது: விளையாட்டுப் போட்டியில் என் அணியான சிவப்பு இல்லத்துக்காகப் பள்ளியில் வாங்கிய டீ-சட்டை. யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாதென்று அதன் கழுத்துக்குள் அம்மா நீல நூலில் என் பெயரைத் தைத்திருந்தார். அது சின்னது, வானத்திலிருந்து தெரியாது; ரோட்டில் நிற்கும் அப்பாவுக்குப் போதும். சனிக்கிழமை காலை, அப்பா பசியாறிக்கொண்டிருந்தபோது அவர் பையிலிருந்த கொடியை எடுத்துவிட்டு, அதே அளவுக்கு என் சட்டையை மடித்து வைத்தேன். அப்பாவுக்கு ஒரு சிவப்பு, எங்களுக்கு ஒரு சிவப்பு. இருவருக்கும் நியாயமாகத்தான் பங்கு வைத்தேன்.

பிற்பகலில் அம்மா ஓவர்டைமுக்குப் போயிருந்தார். மாமா நம்பர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கினார். நான் துடைப்பக் கம்பில் கொடியைக் கட்டிக்கொண்டு தாமான் முனையில் நின்றேன். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன பாப்பா, ரோடு போடுறாங்களா?"

"ராக்கெட் வருது அங்கிள். உள்ள போகாதீங்க."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் தேங்காய் ஜாம் வைத்த ஒரு கயா பன்னைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. பன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கழுத்து வலிக்க மேலே பார்த்தபடி நின்றேன். ஒவ்வொரு மேகத்துக்குப் பின்னாலும் அது இருப்பதாகவே தோன்றியது.

திடீரென்று டமாரென்ற சத்தம். கொடியை எறிந்துவிட்டுச் சாக்கடைப் பக்கம் குப்புற விழுந்தேன். காதைப் பொத்திக்கொண்டு அப்பா, அப்பா என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால் எல்லா வீடுகளும் அப்படியே இருந்தன, வாசல் கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நாள்தோறும் கேட்கும் குவாரி வெடிதான் அது என்று அப்புறம்தான் உறைத்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். கொடியைப் பொறுக்கிக்கொண்டு, நசுங்கிய பன்னைத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அப்பாவை மாலையில் குவாரியில் லோரி ஓட்டும் ஒரு அண்ணன்தான் ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தார். வலது கையில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல். அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பிச்சது பெரிய விஷயம் அக்கா," என்றார் அந்த அண்ணன். "சங்கு ஊதினப்ப பையத் தொறந்தா கொடிய காணோம். ஏதோ ஒரு சின்னச் செவப்புச் சட்டையக் கம்புல கட்டி ஆட்டுறாரு. அதப் பாத்து மோட்டார்ல வந்த பையன் ஒருத்தன் சிரிச்சிக்கிட்டே தாண்டிப் போயிட்டான்லா. இவரு பின்னாலயே ஓடி, அவனப் பள்ளத்துல தள்ளி மேல படுத்துக்கிட்டாரு. அதுக்குள்ள வெடிச்சு, கல்லு வந்து இவரு மேல பட்டிருச்சு."

"கொடிய நானே பைக்குள்ள வச்சேனே!" என்றார் அம்மா.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கொடி என் தலையணை உறைக்குள் இருந்தது.

"நான் வெளிய எடுத்து வச்சேன், மறந்துட்டேன்," என்றார் அப்பா. "சட்டை வழியில கெடந்துச்சு." கதவுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ராக்கெட் எங்கேயோ கடலில் விழுந்ததாக மாமா வாசித்துச் சொன்னார். யாருக்கும் பாதிப்பில்லையாம். அவர் எடுத்த நம்பரும் அடிக்கவில்லை. ஆபீசிலும் அப்பா அதையே சொல்லியிருக்கிறார், கொடியை மறந்துவிட்டேன் என்று. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, கொடி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கை சரியானதும் கல் உடைக்கும் இயந்திரத்தடியில், தூசிக்குள் நிறுத்தினார்கள். அந்த இருமல் அப்பாவுக்கு இன்றும் இருக்கிறது.

அடுத்த வாரம் விளையாட்டுப் போட்டி. சட்டைக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அலமாரியைத் திறந்தேன். சட்டை உள்ளேயே இருந்தது. துவைத்திருந்தது, ஒற்றைக் கையால் மடித்ததுபோல ஒரு பக்கம் கோணலாக இருந்தது. முதுகில் போகாத சுண்ணாம்புக் கறை. கழுத்துக்குள், நீல நூலில், என் பெயர்.

நல்ல வேளை, அப்பா இதைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொண்டு ஓடப் போனேன்.