ஒரு கரண்டிச் சோற்றுக்குக் கொடுமுடி வரை

காலை 6.10. ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு வாசலிலிருந்து சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் முந்நூறு ரூபாய். பையில் இருந்தவை: தண்ணீர்ப் பாட்டில், சத்து மாத்திரைகள், அவித்த முட்டை ஒன்று, ஒரு டீஸ்பூன். டீஸ்பூன் ஏன் என்று கேட்பவர்கள், வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்துக்கொண்டவர்கள் அல்லர். நான் தைத்துக்கொண்டவன். ஒன்பது மாதமாகிறது. நூற்று இருபத்தெட்டு கிலோவாக மருத்துவமனைக்குள் போனேன், இன்று எண்பத்தொன்று.

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு இருந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். விதி என்று ஒன்று இருந்தால் மனப்பாடமாகிவிடும். புதிய வயிற்றுக்கும் விதிகள் உண்டு. ஒரு வாய்க்கு இருபது முறை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது; முன்னும் பின்னும் அரை மணி நேரம் விட்டுத்தான் குடிக்கலாம். இனிப்பு ஆகாது. ‘இன்னும் ஒரு வாய்’ என்று தோன்றும் இடத்துக்கு முந்தைய வாயில் நிறுத்திவிட வேண்டும். மீறினால் மேல்முறையீடு கிடையாது. தண்டனை அங்கேயே, வியர்வையும் நெஞ்சடைப்புமாக.

6.50. வண்டி புறப்பட்டது. வெள்ளகோவிலுக்கு டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய், தூரம் எண்பத்தைந்து கிலோமீட்டருக்குள். மூன்று பேர் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் நான் உட்கார்ந்த இருக்கையில் இரண்டாவது ஆள் யோசிப்பார், மூன்றாவது ஆள் நின்றுகொண்டே வருவார். இன்று இரண்டு பெண்கள் தயங்காமல் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு கூடையும் வைத்தார்கள். உலகம் எனக்கு இடம் கொடுத்த காலம் போய், நான் உலகத்துக்கு இடம் கொடுக்கும் காலம் வந்திருக்கிறது.

போவது தங்கை சரோஜா வீட்டுக்கு. அவள் மகள் பவித்ராவுக்கு இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். தாய்மாமன் நான். சீர் என்னென்ன, யார் எந்தத் தட்டைத் தூக்குவது என்று பேசிவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. ‘சின்ன ஆபரேஷன்’ என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன். வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றைக் கட்டினான் என்று பங்காளிகள் சிரிப்பார்களே என்பதுதான் காரணம். இருபது வருடம் அடுத்தவர் தொப்பையைக் கேலி பேசியவனுக்கு அந்தச் சிரிப்பின் அளவு தெரியும்.

சூலூர், பல்லடம். காங்கேயத்தில் கொப்பரை காயும் களங்களின் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. முன்பு பசியெடுக்க வைத்த வாசனை. இப்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன். மூளைக்குள் எந்த வாசனை எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதையும் மாற்றி அடுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

9.15. வெள்ளகோவில். கொடுமுடிப் பேருந்துக்கு அரை மணி நேரம் இருந்தது. நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் ஒரு இட்லி கேட்டேன்.

“ஒண்ணுங்களா?” என்றார் கடைக்காரர். ஐம்பது வயதிருக்கும்.

“ஒண்ணு போதுமுங்க. சாம்பார் வேண்டாம்.”

அந்த ஒன்றில் பாதியைப் பதினைந்து நிமிடம் மென்றேன். இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை மெதுவாக, “ஏனுங்க, இட்லி சரியில்லைங்களா?” என்றார்.

“நல்லா இருக்குதுங்க. வயிறுதான் சரியில்லை.”

அவர் என் சட்டைக் கழுத்துக்கும் என் கழுத்துக்கும் இடையில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. காசு கொடுத்தபோது வாங்கவும் இல்லை. “இருக்கட்டுமுங்க. உடம்பப் பாத்துக்கோங்க.” எங்கள் பக்கத்து மரியாதை அது. அடுத்தவர் நோயைப் பெயர் சொல்லிக் கேட்கமாட்டோம். மனத்துக்குள் முடிவு கட்டிக்கொள்வோம். இலவச இட்லியை நினைத்துச் சிரித்துக்கொண்டே பேருந்தில் ஏறினேன். அப்போது சிரித்திருக்கக் கூடாது.

11.05. கொடுமுடி. முத்தூர் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர். இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “பரிகாரத்துக்குங்களா, திதிக்குங்களா?” என்றார்.

“சோத்துக்கு,” என்றேன்.

“அப்பக் கோயில் பக்கம் போகோணுங்களா?”

“ரயில்வே ஸ்டேசனுக்குப் பின்னால ரெண்டாவது வீதி.”

வாசலில் நின்ற சரோஜா என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “வாங்கண்ணா,” என்றாள். அவள் கணவர் சண்முகம் என் பையை வாங்கிக்கொண்டார். “மெதுவா வாங்க மச்சான், படி இருக்குதுங்க.” படி அரை அடி உயரம்.

1.00. இலை போட்டார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு, சந்தகை, தேங்காய்ப்பால், ரசம், நடுவில் ஒப்புட்டு என்கிற இனிப்புப் போளி. அந்த ஒப்புட்டில் ஒன்பது தின்று தண்ணீர் குடித்து எழுந்தவன் நான் என்பது அந்த வீட்டுச் சரித்திரம். பையிலிருந்து டீஸ்பூனை எடுத்தேன். ஒரு கரண்டிச் சோறு, இரண்டு துண்டு கோழி. இருபது முறை மென்றேன். ஆறாவது வாயில் நிறுத்தினேன்.

சரோஜா அழ ஆரம்பித்தாள். “அண்ணா, டாக்டரு எத்தனை நாளு சொல்லியிருக்காருங்கண்ணா? எங்ககிட்டயாவது சொல்லுங்க.”

“எத்தனை நாளா? எதுக்கு?”

சண்முகம் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மறைக்க வேண்டாமுங்க மச்சான். ஆவணியில வாட்ஸ்அப்புல வந்த உங்க போட்டோவப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. அதுனாலதானே அன்னிக்கு உங்களையே கேட்டேன்.”

எனக்கு நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் போனில் கேட்டிருந்தார்: ‘ஒரு பேச்சுக்குக் கேக்கறனுங்க. தாய்மாமன் வகையில ஒரு துக்கம்னு வந்துட்டா, பொண்ணு கல்யாணத்த எத்தனை நாளுங்க தள்ளி வெக்கோணும்?’ கேள்வி கிடைத்த சந்தோஷத்தில் நான் கால் மணி நேரம் பேசியிருந்தேன். முப்பது நாளில் செய்கிறவர்கள் உண்டு, அது சரியல்ல. சொந்தத் தாய்மாமன் என்றால் ஒரு வருடம் விடுவதே முறை. சீர் செய்ய வேண்டிய கை இல்லாத வீட்டில் அவசரம் காட்டக் கூடாது. யார் வீட்டுத் துக்கம் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் சொல்லவும் இல்லை. மரியாதை.

என் துக்கத்துக்கு நானே விதி சொல்லியிருக்கிறேன். நான் போய்ச் சேருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவர்கள் கல்யாணத்தை முன்னால் இழுத்திருக்கிறார்கள்.

சொன்னேன். வயிற்றை வெட்டியது, தைத்தது, கிலோ கணக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். புற்றும் இல்லை, வேறு எதுவும் இல்லை. உடல் பருமனுக்குச் செய்துகொண்டது. சொல்லி முடித்ததும் சரோஜா அழுகையை நிறுத்தினாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். “நல்லா இருந்தாச் சரிங்கண்ணா. மகுடேசுவரா.” பிறகு அவள் பார்வை சமையலறை வாசலுக்குப் போனது.

அங்கே ரசக் கிண்ணத்தோடு பவித்ரா நின்றிருந்தாள். இருபத்து நான்கு வயது, கால்நடை மருத்துவம் முடித்தவள். மேற்படிப்புக்கு ஹைதராபாத்தில் இடம் கிடைத்திருப்பதாக முன்பு எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். கல்யாணப் பத்திரிகை வந்தபோது, படிப்பு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. மண்டபத் தேதியை என்னிடம் கலக்கவில்லையே என்றுதான் கோபப்பட்டேன்.

“சேரக் கடைசி நாள் எப்ப கண்ணு?” என்றேன்.

“போன வெள்ளிக்கெழமை முடிஞ்சுதுங்க மாமா.”

காலங்கடந்து வந்த மனுக்களை எத்தனை ஆயிரம் திருப்பி அனுப்பியிருப்பேன். ஒரு வாரம்தானே என்று கெஞ்சியவர்களிடம், ஒரு நாளும் ஒரு வாரமும் விதிக்கு ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறேன்.

மண்டபம் பேசியாகிவிட்டது, ஈங்கூரில் மாப்பிள்ளை வீட்டில் பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பையன் நல்லவன் என்றார்கள்; பவித்ராவும் தலையாட்டினாள். கல்யாணத்தை நிறுத்துகிற பேச்சை அங்கே யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சீர் தட்டு பதினொன்று என்று பேசி முடித்தோம்.

3.40. பவித்ரா ஸ்கூட்டரில் என்னைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். வழியில் காவிரியில் தண்ணீர் கரையொட்டிப் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசினோம்.

வண்டி வரக் காத்திருந்தபோது பையிலிருந்த முட்டையைத் தின்றுவிட்டுப் பாட்டிலை எடுத்தேன். “இன்னும் அரை மணி ஆகலீங்களே மாமா?” என்றாள். அவளுக்கு இந்த விதி எப்படித் தெரியும் என்று அவளைப் பார்த்தேன்.

“போட்டோவுல பாத்தப்பவே எனக்கு இந்த ஆபரேசன்னுதான் சந்தேகமுங்க. முடி கொட்டியிருந்தது, ஆனா கண்ணு தெளிவா இருந்தது. மாட்டுக்கு நாலு வயித்தப் பத்திப் படிச்சவளுக்கு உங்க கால் வயிறு தெரியாதுங்களா?”

“ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே அம்மணி.”

“அம்மாகிட்டச் சொன்னேன். பெரியவங்க நோவ நீ கேக்காதே, அவங்களாச் சொல்லட்டும்னாங்க.” கொஞ்ச நேரம் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். “நீங்களாச் சொல்லுவீங்கன்னு வெள்ளிக்கெழமை வரைக்கும் பாத்தனுங்க.”

வண்டி வந்து நின்றது. பையை ஏற்றிக் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே வந்து கேட்டாள்: “அடுத்த வருசம் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதலாமுங்களா மாமா? கல்யாணம் ஆனவங்களுக்குத் தடை ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“விதியில தடை இல்லை கண்ணு,” என்றேன். விதியைத் தவிர வேறெதையும் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“சரிங்க மாமா. பாத்துப் போங்க.”

வண்டி நகர்ந்த பிறகுதான் பையோடு ஒரு தூக்குப்போசியும் ஏற்றப்பட்டிருப்பதைக் கவனித்தேன். திறந்து பார்த்தேன். ஒப்புட்டு, ஒன்பது. சரோஜா பழைய எண்ணை மறக்கவில்லை. ஒன்றைக்கூட என்னால் தின்ன முடியாது. வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. மூடி, மூன்று பேர் இருக்கையில் எனக்குப் பக்கத்தில் வைத்தேன். எனக்கும் போசிக்கும் போக, அந்த இருக்கையில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. வெள்ளகோவில் வரை யாரும் வந்து உட்காரவில்லை.