டேடே அன்ரியின் வாசலில் சாப்பிட்டவர்கள்

இங்கே கனடாவில், மல்வேர்னில் நான் பஸ் மாறுகிற சந்தியில் ஒரு பிளாசா இருக்கிறது. அதில் புதிதாக ஒரு கானா நாட்டுச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை யாரோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வர, கூடவே ஒரு புளித்த மா மணமும் வந்தது. பஸ்ஸுக்கு நின்ற நம்மவர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன கண்டறியாத மணமப்பா!" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்பத்துக்கு மா கரைத்து வைத்தால் அவர் வீட்டிலும் இதே மணம்தானே வரும்? அதை அவரிடம் கேட்கிற தைரியம் வரவில்லை. வீம்புக்குக் கடைக்குள் போய் இரண்டு கெங்கே வாங்கிக்கொண்டு வந்தேன்.

கெங்கே என்பது புளிக்க வைத்த சோள மாவை உருட்டி, சோளப் பொத்தியின் மடலில் சுற்றி அவிப்பது. பொரித்த மீனும் இடித்த மிளகாயும் தொட்டுக்கொள்ள. அதை எனக்கு முதலில் தின்னத் தந்தவர் அக்ராவில் எங்கள் அறைக்கு எதிரே குடியிருந்த டேடே அன்ரி.

கானாவுக்கு நான் ஊர் பார்க்கப் போனவன் அல்ல. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று அக்ரா வரை கூட்டிப்போன ஏஜென்சிக்காரன், எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு, "ரெண்டு நாளில வாறன்" என்று போனான். வர ஏழு வாரம் எடுத்தது. ஒரே அறையில் பதினொரு பேர். எனக்கும், என்னோடு ஒரே வகுப்பில் படித்த குணத்துக்கும் சேர்த்து ஒரு பாய்.

முதல் நாள் காலை விளக்குமாற்றுச் சத்தத்தில்தான் விழித்தேன். விடிய முன்னரே தெரு முழுக்க முற்றம் கூட்டிக்கொண்டிருந்தது. குணம் வாளியோடு போய், கேற்றடியில் இருந்த ஒரு பெரியவரிடம், தண்ணீர் எங்கே என்று தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டான். அவர் "குட் மோர்னிங்" என்றார். குணம் வாளியைத் தூக்கிக் காட்டி இன்னும் உரத்துக் கேட்டான். அவர் இன்னும் நிதானமாக "குட் மோர்னிங்" என்றார்.

குணம் என்னிடம் திரும்பி, "உந்த மனிசனுக்கு இங்கிலிஷ் விளங்கேல்லைப் போல" என்றான்.

அவர் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்த வாத்தியார். அந்த ஊரில் முகத்தைப் பார்த்து ஒரு காலை வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்கக்கூடாது. வணக்கத்தோடு பிறந்தவர்கள்போலப் பெருமையடிக்கிற எங்களுக்கு அது உறைக்க மூன்று நாள் பிடித்தது. ஒரு சனிக்கிழமை தெருவில் பந்தல் போட்டு, சிவப்பிலும் கறுப்பிலும் உடுத்திக்கொண்டு ஸ்பீக்கரில் பாட்டு வைத்திருந்தார்கள். கலியாணம், போனால் சாப்பிடலாம் என்று குணம் சேர்ட்டை மாட்டிவிட்டான். நல்லவேளை, அது செத்தவீடு என்று வாத்தியார் சொன்னார்.

டேடே அன்ரி மத்தியானத்தில் தன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். யார் கடந்து போனாலும் கையை உயர்த்தி, "யூ ஆர் இன்வைட்டட்" என்பார். போகிறவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். நாங்களும் அப்படித்தான் போனோம். மூன்றாவது வாரம் ஏஜென்சிக்காரன் விட்டுப்போன அரிசி முடிந்தது. பிறகு ஒரு நாள் முழுக்க வெறும் தேத்தண்ணி. அடுத்த நாளும் அன்ரி கையை உயர்த்தினார். குணம் என்னைப் பார்த்தான். பிறகு நேரே போய்க் கையைக் கழுவிவிட்டு அவர் முன்னால் நிலத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில் நான்.

அன்ரியின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அவர் தட்டில் இருந்தது ஒரு கெங்கே, ஒரு மீன். சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டையும் மூன்றாகப் பிரித்தார். அடுத்த நாள் தட்டில் மூன்று கெங்கே இருந்தது. ஒரு மாதம் அப்படி இருந்தது.

அது வாய் உபசாரம், எவரும் உண்மையில் உட்காருவதில்லை என்று வாத்தியார் எங்களிடம் சொன்னது புறப்படுகிற அன்றுதான். எங்கள் வீடுகளில் மட்டும் என்ன? வாங்கோ சாப்பிடுவம் என்றால், வயிறு காந்தினாலும் இப்பதான் சாப்பிட்டனாங்கள் என்பதுதானே முறை! கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்கப் போனோம்.

"நான் கூப்பிட்டேன், நீங்கள் வந்தீர்கள். இதில் என்ன பிழை?" என்றார் டேடே அன்ரி.

குணம் இப்போது இங்கே பிக்கரிங்கில் பெரிய வீட்டுக்காரன். கொஞ்ச நாளைக்கு முன், பேஸ்மென்டை வாடகைக்கு விடப் போகிறேன் என்றான். நான் வேலை செய்கிற முதியோர் இல்லச் சமையலறையில் அபெனா என்றொரு கானாப் பெண் இருந்தாள். அவளும் மகளும் மாத முடிவுக்குள் வீடு மாற வேண்டும். குணத்திடம் அனுப்பினேன், அவன் ஓடிவந்து கதவு திறப்பான் என்று நம்பி. கதவைப் பாதி திறந்து, வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று என்றானாம். அடுத்த கிழமையும் அவன் விளம்பரம் தமிழ்க் கடைப் பலகையில் தொங்கியது. போன் எடுத்தேன்.

"மச்சான், கோவிக்காத. உவையின்ரை சமையல் மணம் மேல வரும். மனிசிக்கு ஒத்துவராது."

"டேய், ஒரு மாசம் அந்தச் சமையலைத்தானேடா திண்டனீ?"

"அது அப்ப. உதை இப்ப ஏன் கிளறுறாய்?"

பிறகு கறுப்பு ஆட்களுக்கு நம்மவர் வைத்திருக்கிற இழிவான சொல்லைச் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும். தமிழே வராத எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு சொல் தெரியும். வந்த புதிதில் அஜின்கோர்ட்டில் வீடு தேடி அலைந்தபோது, கறி மணக்கும் என்று சொல்லி எங்கள் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு லிப்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன் இதே குணம். நன்றிகெட்டவனே என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

இவ்வளவு கத்தினேனே, என் வீட்டு மாடியில் மகனுடைய அறை மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது. அவன் கல்கரியில். அறையில் உடற்பயிற்சிக்கு ஏறி நடக்கிற மெஷின் ஒன்று நிற்கிறது, அதில் நான் ஜாக்கெட்டுகளைக் கொழுவுகிறேன். அபெனாவைக் குணத்திடம் அனுப்பிய எனக்கு அந்த அறை அப்போது நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. மனிசியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அபெனாவுக்கு ஓஷாவாவில்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து காலை ஆறு மணி ஷிப்டுக்கு வர பஸ் இல்லை. வேலையை விட்டுவிட்டாள். வேலையில் இருந்தவரை, மத்தியானத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவுடன் அவளும் "யூ ஆர் இன்வைட்டட்" என்பாள். நான் முறை தெரிந்தவனாக நன்றி சொல்லுவேன். இப்போது நாங்கள் சாப்பிடுகிற மேசையில் அப்படிச் சொல்ல ஆளில்லை. ஆறு பேர், ஆறு டப்பா, ஆறு போன்.

திங்கட்கிழமை அந்தக் கெங்கேயை வேலைக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கினேன். மூடியைத் திறக்க, ஒருவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். நானும் "யூ ஆர் இன்வைட்டட்" சொல்லுவோம் என்று வாயெடுத்தேன். யாராவது உண்மையாகவே வந்து உட்கார்ந்துவிட்டால் என்று ஒரு யோசனை ஓடியது. சொல்லாமல் குனிந்து சாப்பிட்டேன்.

என்னிடம் இரண்டு கெங்கே இருந்தது. டேடே அன்ரியிடம் அன்றைக்கு ஒன்றுதான் இருந்தது.