காரணம் எழுதாத திருத்தம்

சோழருக்கும் சாளுக்கியருக்கும் நடந்த ஒரு போரைப் பற்றிய கட்டுரை அது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் இருந்தது. கல்லூரியில் வரலாறு படித்த ஆசையில் வாசிக்கப் போனேன். முற்றுப்புள்ளி இல்லாமல் வாக்கியங்கள் ஓடின. திறந்த மேற்கோள் குறிகள் மூடவே இல்லை. எந்தப் படை எங்கே தோற்றது என்று புரிவதற்குள் மூச்சு வாங்கியது.

மானாம்பதியில் எங்கள் வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் நிற்கும். பிற்பகலில் மகளை மடியில் தூங்க வைத்துக்கொண்டு, அங்கே உட்கார்ந்து ஒற்றைக் கட்டைவிரலால் திருத்தினேன். நான்கு நாள் ஆனது.

வயலிலிருந்து சாப்பிட வந்த கணவர் எட்டிப் பார்த்தார். "இன்னாமே பண்ணிக்கினு கீற?"

"சண்டைக் கட்டுரைக்குப் புள்ளி வைக்கிறேன்."

"ராஜாங்களே செத்துட்டானுங்கோ. இப்ப புள்ளி வச்சி இன்னா ஆவப்போது?"

"எவன் செத்தான்னாவது தெரிய வேணாமா, மாமா?"

சேமிக்கும் முன், செய்த மாற்றத்தைப் பற்றி ஒரு வரி எழுத இடம் இருந்தது. 'நிறுத்தக்குறிப் பிழைகள்' என்று எழுதினேன். முதலில் எழுதியவர் மனம் புண்படுமோ? அழித்தேன். இப்படி மூன்று முறை. கடைசியில் வெறுமையாகவே விட்டுச் சேமித்தேன்.

மறுநாள் கட்டுரை பழையபடி இருந்தது. 'காரணம் சொல்லாத பெரிய மாற்றம். மீளமைக்கப்பட்டது' என்று அங்கே நெடுநாளாக எழுதுகிற ஒருவர் குறிப்பு வைத்திருந்தார். வேண்டுமென்றே கெடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டாரோ? காது சுட்டது. இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று இருந்தேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் அதே நினைப்பு. ஆனால் அது நான்கு நாள் உழைப்பு. சரியாகவும் செய்திருந்தேன்.

அன்றே கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், எந்தப் பத்தியில் எதை, ஏன் மாற்றினேன் என்று வரிசையாக எழுதினேன். 'காரணம் எழுதாதது என் தவறு. திருத்தங்கள் தவறல்ல.' கடைசி வாக்கியத்தை அழிக்க விரல் போனது. அழிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கல்வெட்டு வரிக்குள் நான் வைத்த ஒரு காற்புள்ளி மட்டும் கூடாதாம். கல்லில் உள்ளபடியே இருக்க வேண்டுமாம். நியாயம்தான். மற்ற எல்லாவற்றையும் அவரே திரும்பச் சேர்த்திருந்தார். எனக்குக் கர்வமாகவே இருந்தது.

கணவரிடம் கைப்பேசியை நீட்டி, முதல் பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படை ஆற்றங்கரைக்கு வந்து நிற்பதுவரை திக்காமல் படித்தார். "போதும், குடுங்க" என்றேன்.

"இரும்மே, ஆத்தத் தாண்டுனானுங்களா இல்லியான்னு பாக்கறேன்" என்று அடுத்த பத்திக்குப் போனார்.