பூல்மதி அக்கா குதிரை ஏறிய நாள்

லவாலுக்குப் போகும் மெட்ரோ ரயிலில் இருந்தபோது பூல்மதி அக்காவின் மகள் சீமா அழைத்தாள். "அம்மா இன்று காலை போய்விட்டார்" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து நின்று, அந்தப் பெட்டியில் இருந்த எல்லோருக்கும் பூல்மதி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும் போல் இருந்தது. அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன், புலம்பெயர்ந்து வந்த எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் திருப்பாடுகளின் நாடகம் முடிந்து, பெண்ணாயிருந்தும், ஆண்டவரைச் சாவுக்குக் கையளித்துவிட்டுக் கை கழுவும் பிலாத்து வேடம் போட்டிருந்த நான் ஒட்டுத் தாடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பருத்திச் சேலை கட்டிய ஒரு அம்மா நேரே என்னிடம் வந்தார். "கை கழுவும் இடத்தை ஏன் இவ்வளவு அவசரமாகச் செய்தாய்? நாடகமே அதுதானே!" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எங்கள் சேரிக் குடிசைகளைக் கொளுத்திய அன்று ஊரில் எல்லோரும் அப்படித்தான் கை கழுவினார்கள். மெதுவாக, நன்றாகத் துடைத்து."

உத்தரப் பிரதேசத்தில் நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே ஹிந்தியில் நாடகம் எழுதி, வயலில் வேலை செய்பவர்களை நடிகராக்கி, சந்தியில் போட்டவர். புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருந்தது. கல்லெறி பட்டது. "என் முதல் விமர்சனம் இது" என்று அதைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார். நகர ஓரத்துச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாய ஆராய்ச்சி செய்யும் மகள் சீமாவோடு இருக்க வந்தவருக்கு இங்கே நாடகம் போட ஆள் தேவைப்பட்டது. நாங்கள் அகப்பட்டோம்.

அவர் தந்தது ஒரு கல்யாண ஊர்வலத்தின் கதை. தாழ்த்தப்பட்ட சாதி மாப்பிள்ளை ஒருவன் பெரிய சாதித் தெருவழியே குதிரையில் போக வேண்டும் என்கிறான், தெரு மறிக்கிறது. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழாக்கினேன். ஒத்திகை பார்க்க வந்த ஒரு பெரியவர், "உந்தச் சாதிக் கதையெல்லாம் இந்தியாவிலைதான். எங்களிட்டை எங்கை பிள்ளை சாதி?" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அக்கா அவரைப் பார்த்துக் கைகூப்பினார். "மிகவும் நல்லது. அப்படியென்றால் உங்களுக்கு இது வெளிநாட்டுக் கதை. பயமில்லாமல் வந்து பாருங்கள்." அந்தப் பெரியவர் வந்தார், முதல் வரிசையில்!

நாடகத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. தொடங்க அரை மணி நேரம் இருக்க, மாப்பிள்ளையாக நடிக்கும் ரஞ்சன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, நான் வரேல்லை. உதிலை நடிச்சா எங்களையும் அந்த ஆக்கள் எண்டு நினைப்பினமாம். மாமா விடமாட்டாராம்."

பூல்மதி அக்கா மாப்பிள்ளையின் தலைப்பாகையைக் கேட்டார்.

"உங்களுக்குத் தமிழ் வராதே அக்கா!"

"நான் ஹிந்தியில் பேசுகிறேன். நீங்கள் தமிழில் மறியுங்கள். மறிப்பது யாருக்குத்தான் புரியாது?"

குதிரை என்பது சிவப்புத் துணி போர்த்திய ஓர் ஏணி. எழுபது வயதில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். கீழே பண்ணையார் வேடத்தில் நின்ற நான், "இறங்கடா!" என்று கத்தினேன். மேலிருந்து "நஹீ" என்றார். மாட்டேன் என்ற அந்த ஒரு ஹிந்திச் சொல்தான். மறுபடி கத்தினேன். மறுபடி "நஹீ". மூன்றாம் தடவை நான் வாய் திறக்குமுன், பின்வரிசையில் மன்னார்ப் பெண் ஒருத்தி எழுந்து, "இறங்காதையம்மா!" என்று கூவினாள். அது எங்கள் பிரதியில் இல்லை. பிறகு இன்னொரு குரல், இன்னும் பத்துக் குரல், "இறங்காதை! இறங்காதை!" மண்டபமே எழுந்து நின்றது. பண்ணையாருக்கு வசனம் மறந்துபோனது. நாடகத்தில் மறிக்கப்பட்ட ஊர்வலம் அன்று மண்டபத்தைச் சுற்றி வந்தது. நானும் அதன் பின்னால் ஓடினேன். முதல் வரிசைப் பெரியவர் எழும்பவில்லை. ஆனால் போகவும் இல்லை.

அந்த நாடகத்தை அடுத்த முறை போட்டபோது ரஞ்சன் தானாகவே வந்தான். "மாமா கோவம்தான். அதைப் பிறகு பாப்பம்" என்றான். அக்கா தன் கையாலேயே அவனுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார்.

போன மாதம் என் மகளைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. தேநீர் குடித்து முடிந்ததும் அந்தத் தாய் குரலைத் தாழ்த்தி, "குறை நினையாதையுங்கோ, நீங்கள் என்ன ஆக்கள்?" என்று கேட்டார். என் அக்காவின் கல்யாணப் பேச்சில் சாதி கேட்கும் இதே கேள்விக்கு எங்கள் அப்பா தலை குனிந்து, அது தெரியவரும்படி ஊரையும் தெருவையும் சொல்லிப் பதில் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் குனியவில்லை. "உதைக் கேக்கிற ஆக்களோடை எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம்" என்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூல்மதி அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது, ஏணி மேலிருந்து நடுங்காமல் வந்த அந்தக் குரல்.