வெயில் விழும் மனை

வேணி பெரம்பலூருக்குக் குடிவந்தது கார்த்திகைக் கடைசியில். புருஷன் தமிழழகன் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மூத்தவள் சத்யாவுக்கு மூன்று வயது. சின்னவனுக்கு எட்டு மாதம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு வீடுகள். கடைசி வீடு இவர்களுக்கு. மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். வெயில் எட்டிப் பார்க்காத வீடு.

வீட்டுக்காரர் அரியமுத்து முதல் நாளே சொல்லிவிட்டார்: மொட்டை மாடிக்குப் போகக் கூடாது, வாசலில் துணி காயப் போடக் கூடாது, பிள்ளைகள் ஓடக் கூடாது. மாடிக் கதவில் பூட்டு தொங்கியது.

மார்கழி பிறந்ததும் பனி இறங்கியது. குழந்தைத் துணிகள் மூன்று நாளானாலும் காயாமல் நாறின. சின்னவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. தூங்கவிடாமல் அழுதான். காலையில் தண்ணீர்க் குழாயடியில் முன் வீட்டு தேவயானி முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"புள்ள பெத்தா மட்டும் போதாதுங்க. அழாம வச்சுக்கவும் தெரியணும். நாங்களும் ஒன்னு வச்சிருக்கோம்."

வேணி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று முழுக்க அந்தப் பேச்சுக்கான பதில்களை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

ஆவி பிடிக்க வைத்த டாக்டரம்மா, "காலையில கொஞ்சம் வெயில் காட்டும்மா" என்றார். எந்த வெயிலை? தெருவில் அலைந்து தேடியதில், கடைசியில் காம்பவுண்டுக்கு எதிரிலேயே ஒரு காலி மனை கிடைத்தது. கருவேலஞ்செடி, பிளாஸ்டிக் பை, உடைந்த கழிப்பறைக் கோப்பை ஒன்று. ஆனால் எட்டு மணிக்கு முழு வெயில். மண்வெட்டி இரவல் கேட்டாள், யாரும் தரவில்லை. தோசைக் கரண்டியாலேயே ஒரு பாய் விரிக்கும் அளவுக்குச் செதுக்கினாள். விளக்குமாற்றால் கூட்டிவிட்டுப் பாயைப் போட்டுச் சின்னவனைக் குப்புறக் கிடத்தினாள். முதுகில் வெயில் ஏற ஏற அவன் காலை உதைத்துக்கொண்டு சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு வேணிக்கும் உடம்பு இளகியது.

நாலாம் நாள் தேவயானி தன் ஒன்றரை வயதுப் பையனோடு வந்தாள். மனையின் மறுகோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வேணியும் கூப்பிடவில்லை. பையன்தான் தத்தித் தத்தி வந்து சத்யாவின் முறுக்கைப் பிடுங்கினான். சத்யா அவன் தலையில் ஒன்று வைத்தாள். இரண்டும் அலறின. அம்மாக்கள் ஓடிவந்து முறைத்துக்கொண்டார்கள். பிறகு தேவயானியே வாயைத் திறந்தாள்.

"இவனுக்கும் சளிதான். ரெண்டு வாரமா நானும் தூங்கல. அந்தக் கடுப்புலதான் அன்னிக்குப் பேசிட்டேன்."

"பேசுனது பேசுனதுதாங்க," என்றாள் வேணி. ஆனாலும் பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

பின்தெரு மேகலாவும் தன் பெண்ணோடு சேர்ந்துகொண்டாள். ஒருத்தி நான்கு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, மற்ற இருவரும் குளித்துவிட்டு வந்தார்கள். சூடாக ஒரு வாய் டீ குடிக்க முடிந்தது.

அரியமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் டிராக்டரில் உடைந்த செங்கல்லைக் கொண்டுவந்து, சரியாகப் பாய் விரிக்கும் இடத்தில் கொட்டவைத்தார்.

"ஏங்க, புள்ளைங்க உக்கார்ற எடம்னு தெரியாதா?" வேணியின் குரல் தெரு முனைவரை கேட்டது.

"என் மச்சான் எடம்மா இது. உன் அப்பன் வூட்டு எடமா?"

"மச்சானைக் கூட்டிட்டு வாங்க. அவர் சொல்லட்டும்."

"வாய் நீளுது. பொங்கல் கழிச்சு வூட்டக் காலி பண்ணிடு."

"பண்ணிடறேன். அதுக்காக இங்க உக்காராம இருக்க மாட்டேன்."

மச்சான் வரவேயில்லை. மறுநாள் மூன்று பெண்களும் கல்லை ஓரமாக அடுக்கினார்கள். கை கிழிந்தது. நல்ல கற்கள் மூன்றை எடுத்து அடுப்புக் கூட்டி, கருவேல விறகை எரித்து, குண்டானில் தண்ணீர் காயவைத்தாள் வேணி. வெயிலிலேயே பிள்ளைகள் நான்கையும் வரிசையாகக் குளிப்பாட்டினார்கள். ஆவி பறக்கும் தலைகளைத் துவட்டும்போது, தன் வீட்டு வாசலிலிருந்து அரியமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருத்தியும் அவர் பக்கம் திரும்பவில்லை.

மேகலா தன் தெருவிலேயே வீடு பார்த்துக் கொடுத்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒற்றை அறை; ஜன்னல் கிழக்கே. தை பிறந்து ஐந்தாம் நாள் சாமான்கள் தட்டுவண்டியில் ஏறின. அரியமுத்து உள்ளே வந்து டார்ச் அடித்துச் சுவர்களைப் பார்த்தார். சத்யா அடுப்புக்கரியால் முழங்கால் உயரத்துக்கு ஆடு, பஸ், நாலு பிள்ளைகள் என்று கிறுக்கியிருந்தாள்.

"இதச் சுத்தமாத் தொடச்சிட்டுத்தான் நீ வெளிய போகணும்."

வேணி வாளியை எடுத்தாள். தேவயானி கேட்காமலே தேங்காய் நாரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். பாதிச் சுவர் முடிந்ததும் திரும்பி, வாசலில் நின்றவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, சும்மா நிக்கிறதுக்கு இன்னொரு வாளி தண்ணியாவது கொண்டாங்களேன்."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே போனார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பஸ்ஸை மட்டும் பாதி அழிக்காமல் விட்டார்கள்.