வெயிலில் காயாத எண்ணெய்

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று வருடம் நான் டீசல் தயாரித்தேன். பரோட்டாக் கடைகளில் பொரித்துக் கறுத்த எண்ணெயை வாங்கிவந்து, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து, அடியில் தங்கும் கிளிசரினை இறக்கிவிட்டு, மேலே நிற்கும் டீசலைத் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். நான் வேதியியல் ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத மரியாதையை அந்த நீல டிரம்தான் எனக்குக் கொடுத்தது.

கழுவிய எண்ணெயில் தண்ணீர் தங்கினால் மோர்போலக் கலங்கும். சூடாக்கித்தான் அதை ஓட்ட வேண்டும். நான் சூடாக்கவில்லை. உப்பளத்து ஊர்க்காரன் புத்தி. கடலையே காயவைக்கிற வெயில் இதைக் காயவைக்காதா என்று டிரம்மைத் திறந்துபோட்டேன். சித்திரையில் காய்ந்தது. ஐப்பசியில் கடற்காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் குடித்தது.

என் மனைவியின் தம்பிக்கு ஆலந்தலையில் ஒரு மீன்பிடி வள்ளம் இருந்தது. அவனுடைய பிழைப்பே அதுதான். நான் சொன்னேன் என்பதற்காக என் டீசலைத்தான் அதற்கு ஊற்றிவந்தான். அந்த ஐப்பசியில் கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"அத்தான், கலங்கலா கெடக்கே. ஊத்தலாமா?"

"ஏலே, கெமிஸ்ட்ரி படிச்சது நீயா நானா? கொண்டு போ."

கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பத்தாவது நாள் நடுக்கடலில் இன்ஜின் நின்றது. வேறொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்தது. மெக்கானிக் பிரித்துப் பார்த்து, பம்ப் போய்விட்டது, டீசலில் தண்ணீர் என்றார். நான் கரைக்குப் போனேன். ஊரே பார்க்க, அவனுடைய கேனைக் கவிழ்த்து முகர்ந்தேன்.

"கடத்தண்ணி நாறுது. கேன் கழுவத் தெரியாதவனுக்கு எதுக்குலே வள்ளம்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இருக்கும் அத்தான். எந் தப்புதான்."

வீட்டுக்கு வந்து தோசைக் கல்லைச் சூடாக்கி, மாடி டிரம்மில் இருந்த எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து விட்டேன். அந்த டிரம் ஒரு நாளும் கடற்கரைக்குப் போனதில்லை. சடசடவென்று வெடித்தது. அத்தனையும் தண்ணீர்.

"என்ன சத்தம்?" மனைவி அடுக்களை வாசலில் நின்றாள்.

"ஒண்ணுமில்ல."

அவள் கல்லைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். மறுநாள் கரைக்குப் போய் அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கரையில் என்னை 'சார்' என்று கூப்பிடுகிறவர்களின் முகம் ஞாபகம் வந்தது, போகவில்லை. டிரம்மை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன்.

இன்ஜினைச் சரிபண்ண வழியில்லாமல் அவன் வள்ளத்தை விற்றான். இப்போது அதே வள்ளத்தில், வாங்கினவனுக்குக் கூலியாகப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி மீன் கொண்டுவருகிறான். என் பெயரைக் கெடுத்துவிட்டோம் என்று அவனுக்கு இன்னும் வருத்தம்.

என் மனைவி அந்த மீனைத் துடைக்காமல் ஈரத்தோடுதான் சட்டியில் போடுகிறாள். எண்ணெய் வெடித்துச் சுவரெல்லாம் தெறிக்கிறது. போன வாரம் அவன் கேட்டான்:

"ஏன்க்கா இப்படி வெடிக்கி?"

"அத்தான்ட்ட கேளு. அவியதான கெமிஸ்ட்ரி படிச்சவிய."

அவன் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான். நான் தட்டை நீட்டி இன்னொரு துண்டு கேட்டேன்.