செஞ்சி வரைக்கும் என் சஃபாரி

கென்யாவுக்குப் போக ஆசைப்பட்டது நான். போனது என் தங்கை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது.

செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் பன்னிரண்டு வருடமாக ரிசப்ஷனில் உட்காருகிறேன். அறையைக் காலி செய்கிறவர்கள் விட்டுப்போகும் புத்தகங்கள் என் மேஜைக்குத்தான் வரும். அப்படி வந்தது கென்யாவைப் பற்றிய ஒரு வழிகாட்டி. எந்த மாதம் எந்த மிருகக் கூட்டம் எந்த ஆற்றைத் தாண்டும், நைரோபியில் குஜராத்திக்காரர்கள் எங்கே கடை வைத்திருக்கிறார்கள், மொம்பாசாவின் பழைய சந்துகளில் அரபு வீட்டுக் கதவு எப்படி இருக்கும், ஒரே நாட்டுக்குள் நாற்பதுக்கு மேல் இனம், அத்தனைக்கும் தனித்தனி பாஷை என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். பாஸ்போர்ட்கூட எடுத்தேன். எடுத்ததோடு சரி, அதில் ஒரு முத்திரை கிடையாது. என் வீட்டுக்காரருக்கு அடி அண்ணாமலையில் பூஜைச் சாமான் கடை. பௌர்ணமி விட்டால் பிரதோஷம், பிரதோஷம் விட்டால் பௌர்ணமி. "சிங்கம்தான பாக்கணும்? வண்டலூர்லயே இருக்குதே" என்று முடித்துவிட்டார்.

தங்கை இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் மனை வாங்கி விற்கிறவர், நாலைந்து வருடத்தில் நன்றாகத் தழைத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, என் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"அக்கா, ஃபாரின் போலாம்னு இருக்கோம். பையன் சிங்கம் பாக்கணும்றான். எனக்கு பீச் இருந்தா போதும். உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே, ஒரு பிளான் போட்டுக் குடேன்."

வாய் வார்த்தைக்குக்கூட 'நீயும் வாயேன்' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.

போட்டுக் கொடுத்தேன். எனக்காக யோசித்து வைத்திருந்ததையே கொடுத்தேன், வேறு எதைக் கொடுப்பது? ஆகஸ்ட் மாதம். நைரோபியில் இரண்டு நாள், நகுரு ஏரியில் ஒரு நாள், சிங்கம் பார்க்க மசாய் மாராக் காட்டில் மூன்று ராத்திரி, கடைசியில் கடலோர மொம்பாசா. மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாள் முன்னாலேயே சென்னையில் போட்டுவிட வேண்டும், காட்டுக்குள் கருநீல உடுப்பு போட்டால் ஒரு வகை ஈ தேடி வந்து கடிக்கும், எல்லாம் சொன்னேன். "மாராவுல மூணு ராத்திரி ஜாஸ்திக்கா, ஒண்ணக் கம்மி பண்ணிட்டு பீச்சுல சேத்துக்கிறோம்" என்றாள். குரங்கு கையில் பூமாலை. நான் பேனாவை எடுத்து ஒரு ராத்திரியை அடித்தேன்.

கிளம்பும் நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. செவ்வாயன்று வடக்கே சூலம், சென்னை இருப்பதோ அந்தப் பக்கம். அதனால் பரஸ்தானம் வைத்தார்கள். முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பையை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் பக்கம் பழைய துணி இரண்டைக் கட்டி வைப்பார்கள். இவள் மாமியார், "முக்கியமானது எதுவோ அதுதான் மொதல்ல கெளம்பணும்" என்று சொல்லி, மூன்று பாஸ்போர்ட்டையும் ஊசி அட்டைகளையும் சின்னப் பையில் போட்டு என் வீட்டு அலமாரிப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டார்.

வழியனுப்ப நான் போகவில்லை. டூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொள்ள அவளிடம் சாவியைக் கொடுத்தேன். அரை நாள்தான் டூட்டி. மத்தியானம் இரண்டரைக்கு, 'ராகு காலத்துக்கு முன்னாடி கெளம்பிட்டோம்க்கா' என்று மெசேஜ் வந்தது. பத்து நிமிடத்தில் நான் வீட்டுக்குள் நுழைந்தேன். என்னிடமிருந்த இன்னொரு சாவியால் திறந்தால், அலமாரிப் பக்கத்தில் பை அப்படியே இருந்தது.

போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டிருந்தால் ஊர் எல்லையிலேயே வண்டி நின்றிருக்கும். கூப்பிடவில்லை. மின்விசிறியைப் போட்டுக்கொண்டு அந்தப் பைக்கு எதிரே உட்கார்ந்தேன். ஏர்போர்ட் வரைக்கும் போகட்டும், போய் அப்படியே திரும்பி வரட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வேண்டிக்கொண்டேன். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று.

அவள் கூப்பிட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தேன்.

"அக்கா, பை அங்கயே இருக்குதா? நான் அவரு எடுத்துட்டாருன்னு நெனச்சேன், அவரு நான் எடுத்துட்டேன்னு நெனச்சிருக்காரு." அழுதுகொண்டிருந்தாள். "செஞ்சில நிக்கிறோம். கெளம்பின கால் திரும்பக்கூடாதுன்னு அத்தை போன்ல ஒரே சத்தம். நீ பஸ் ஏறி எடுத்தாறியா?"

"இருக்குடி. இப்பத்தான் பாக்குறேன்" என்றேன்.

"தெரியும்க்கா. பாத்திருந்தா உடனே போன் பண்ணியிருப்ப."

செஞ்சி வழியாகப் போகிற திண்டிவனம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். கீழ்பென்னாத்தூர் தாண்டியும் அவள் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "நல்ல வேள, நீ இருந்த" என்றாள். வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். விமானம் விடியற்காலையில்தான், நேரத்துக்குப் போய்விடுவார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"நீ மெசேஜ் போட்ட பத்தாவது நிமிஷமே பாத்துட்டேன்" என்றேன். "வேணும்னுதான் கூப்புடல."

அவள் என்னைப் பார்த்தாள். காரிலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவள் என் கையை விட்டுவிட்டு, பையின் ஜிப்பைத் திறந்தாள். அக்கா கொடுத்ததை அக்கா எதிரிலேயே சரிபார்ப்பது எங்கள் வீட்டில் கிடையாது. சின்ன வயதில் பொரி உருண்டை கொடுத்தாலும் அவள் பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வாள். அன்று பாஸ்போர்ட்டை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, விரித்துப் படத்தைப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு ஊசி அட்டைகள்.

"எல்லாம் இருக்குதுங்க" என்று காரைப் பார்த்து, வீட்டுக்காரரிடம் சொன்னாள்.